25 வயசு ஆகட்டும், அப்புறம் வா!

நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்ற பெயரைக் கார் விளையாட்டு விளையாடிய எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஆர்32 என்ற மாடல் 1989 ஆகஸ்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. முதல் மாதம் செய்த ஒரு வண்டியை 2014 ஜூலையில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் சாதாரணமாக ரோட்டில் ஓட்ட முடியாது. சுங்கத்துறை பிடித்து வைத்துக்கொள்ளும். அதே வண்டியை, ஒரு போல்ட் கூட மாற்றாமல், 2014 ஆகஸ்ட் கடைசியில் கொண்டுபோனால் வழிவிட்டுவிடும்.

ஒரே மாதத்தில் வண்டிக்குள் என்ன மாறியது? ஒன்றும் இல்லை. வண்டிக்கு 25 வயது முடிந்தது, அவ்வளவுதான்.

பழைய கார் என்றால் ஆபத்து அதிகம் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். 24 வயது வண்டி ஆபத்து, 25 வயது வண்டி பரவாயில்லை என்று ஒரு பாதுகாப்புச் சட்டம் எப்படிச் சொல்லும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், கார் எஞ்சினை விட எங்கள் பி.காம் பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயங்கள்தான் அதிகமாக வருகின்றன. அந்நியச் செலாவணி, டீலர் கமிஷன், ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு விலை... அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு கார், இரண்டு சட்டப் புத்தகம்

1966-ல் அமெரிக்காவில் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞர், கார் கம்பெனிகள் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று ஒரு புத்தகமே எழுதி நாட்டையே உலுக்கியிருந்தார். புதிய சட்டத்தின் கீழ் வந்த தரநிர்ணயங்கள் 1968 ஜனவரி 1 முதல் செய்யப்பட்ட கார்களுக்குப் பொருந்தின. 1970-ல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அதே ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் உருவானது. இதெல்லாம் நல்ல சட்டங்கள். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் அதே சமயத்தில் ஐரோப்பிய நாடுகள் 1958-ல் ஜெனீவாவில் போட்ட ஓர் ஒப்பந்தத்தின் கீழ் தங்களுக்கென்று தனி விதிகளை உருவாக்கிக்கொண்டிருந்தன. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆக, உலகத்தில் பாதுகாப்பான கார் என்பதற்கு இரண்டு இலக்கணம் வந்துவிட்டது.

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? சில உதாரணம் சொல்கிறேன். ஹெட்லைட் என்றால் பல்பும் கண்ணாடியும் பிரிக்க முடியாத ஒரே மூடிய விளக்காக இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1983 வரை வற்புறுத்தியது. ஐரோப்பாவில் பல்பை மட்டும் தனியாக மாற்றலாம். 1970-களில் அமெரிக்க பம்பர், மணிக்கு 5 மைல் வேகத்தில் போய் இடித்தாலும் வண்டியின் பாதுகாப்பு பாகங்கள் பழுதாகாத அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும். 1973 முதல் கதவுக்குள் இரும்புப் பட்டை வைக்க வேண்டும். பக்கவாட்டில் சின்ன விளக்குகள் வேண்டும். 1975-லிருந்து பெரும்பாலான புதிய கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது, அதற்கு ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டும்தான் போட வேண்டும்.

ஜெர்மனியில் ஓடும் ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் அமெரிக்கத் துறைமுகத்தில் வந்து இறங்கினால், இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ஃபெயில். வண்டி மோசம் என்பதால் இல்லை, வேறு சிலபஸில் படித்துவிட்டு வந்ததால்!

டாலர் ஏறியது, கார்கள் இறங்கின

1980-ல் ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 1.8 ஜெர்மன் மார்க் கிடைத்தது. 1985 பிப்ரவரியில் அது 3.4-ஐத் தாண்டியது. ஐந்தே ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஜெர்மனியில் ஒரு கார் 60,000 மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980 கணக்கில் அது சுமார் 33,300 டாலர். 1985 தொடக்கத்தில் அதே 60,000 மார்க் சுமார் 17,600 டாலர்தான்! கம்பெனி விலையைக் குறைக்கவில்லை. செலாவணி மாற்றம் மட்டும் விலையைப் பாதியாக்கிவிட்டது.

அமெரிக்க ஷோரூமில் விலை பாதியாகக் குறைந்ததா? குறையவில்லை. இறக்குமதி செய்யும் கம்பெனியும் டீலரும் டாலர் விலையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வித்தியாசம் அவர்கள் பக்கம் லாபமாகச் சேர்ந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு ஊரில் இரண்டு விலை இருந்தால், மலிவான ஊரில் வாங்கி விலை அதிகமான ஊருக்குக் கொண்டுபோக ஆள் வருவான் என்பது வணிகத்தில் முதல் பாடம். இங்கேயும் வந்தார்கள். இதற்குத்தான் கிரே மார்க்கெட் என்று பெயர். கள்ளச்சந்தையும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. நடுவில் ஒரு சாம்பல் நிறம்.

விலை மட்டும் காரணம் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் தன்னுடைய பெரிய காரின் பெட்ரோல் மாடலை அமெரிக்காவில் 3.8 லிட்டர் எஞ்சினோடு மட்டும் விற்றது. சுமார் 155 குதிரைத்திறன். ஐரோப்பாவில் அதே உடம்புக்குள் 5 லிட்டர் எஞ்சின், 231 குதிரைத்திறன். எரிபொருள் சிக்கன விதிகளுக்கும் புகை விதிகளுக்கும் பயந்து கம்பெனி பெரிய எஞ்சினை அமெரிக்காவுக்கு அனுப்பவில்லை. போதாக்குறைக்கு அமெரிக்க 3.8 எஞ்சினில் ஒற்றை வரிசை டைமிங் செயின் போட்டு, அது அறுந்து எஞ்சின் போன கதைகள் வேறு. கையில் பணம் வைத்திருப்பவன் என்ன செய்வான்? அமெரிக்க ஷோரூமை விட்டுவிட்டு நேராக ஜெர்மனிக்குப் போன் போட்டான். புதிய கார், செகண்ட் ஹேண்ட் கார் இரண்டுமே கப்பல் ஏறின.

1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரமாக இருந்த இந்த இறக்குமதி, 1985-ல் 66,000-ஐத் தாண்டியது.

வெல்டிங் பட்டறையும் பிணைப் பத்திரமும்

கப்பலில் வந்த வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போக முடியாது. சுங்கத்துறையில் பணத்தைப் பிணையாகக் கட்ட வேண்டும். கெடுவுக்குள் வண்டியை அமெரிக்க விதிக்கு மாற்றி, மாற்றியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிணைப் பணம் போகும், அல்லது வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதற்கென்றே ஊர் ஊருக்குப் பட்டறைகள் முளைத்தன. கதவைக் கழற்றி உள்ளே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்வார்கள். ஹெட்லைட்டைப் பிடுங்கிவிட்டு அமெரிக்க மூடிய விளக்கை வைப்பார்கள். பம்பரை மாற்றுவார்கள். சைலன்சர் குழாயை அறுத்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பொருத்துவார்கள். ஸ்பீடோமீட்டரில் கிலோமீட்டரை எடுத்துவிட்டு மைல் ஒட்டுவார்கள். பிறகு லேபில் புகை டெஸ்ட். பல ஆயிரம் டாலர் செலவு, பல வார அலைச்சல்.

இதில் ஒழுங்காக வேலை செய்த பட்டறைகளும் இருந்தன. கதவைத் திறக்காமலே திறந்த மாதிரி பில் கொடுத்தவர்களும் இருந்தார்கள். டெஸ்ட் முடிந்ததும் கன்வர்ட்டரைக் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டியவர்களும் உண்டு. இந்த வண்டிகள் உண்மையிலேயே விதிப்படி மாற்றப்பட்டவைதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே அறிக்கை கொடுத்தது. ஆகவே பாதுகாப்புக் கவலை என்பது சும்மா கட்டிவிட்ட கதை இல்லை. அதை நியாயமாக ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தக் கவலையைச் சத்தமாகச் சொன்னவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

1988: கதவு சாத்தப்பட்டது

மெர்சிடிஸின் வட அமெரிக்கக் கிளையும் அதன் டீலர்களும் வியாபாரம் போகிறதே என்று வாஷிங்டனில் பெரிய அளவில் செல்வாக்குத் திரட்டினார்கள். பலன் 1988-ல் கிடைத்தது. இறக்குமதி வாகனப் பாதுகாப்பு இணக்கச் சட்டம் நிறைவேறி, 1990 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதன்படி தனி ஆள் ஒருவர் தன் இஷ்டத்துக்குக் கார் வாங்கி வந்து பட்டறையில் மாற்றிக்கொள்ள முடியாது. அரசிடம் பதிவு செய்த இறக்குமதியாளர் மூலமாகத்தான் வர வேண்டும். அந்த மாடல், அமெரிக்காவில் ஏற்கெனவே விற்ற ஏதாவது ஒரு மாடலுக்கு ஏறக்குறைய ஒத்ததாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஜோடி இல்லையென்றால், விதிப்படி மாற்ற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு வண்டிகளை மோதி நொறுக்கிக் காட்ட வேண்டி வரலாம். காரின் மதிப்பில் ஒன்றரை மடங்குக்குப் பிணை கட்ட வேண்டும். இத்தனைக்கும் ஒரே ஒரு பொது விலக்கு: வண்டி செய்து 25 ஆண்டு ஆகியிருந்தால் பாதுகாப்பு விதிகள் எதுவும் பொருந்தாது. புகை விதிக்கு இதே மாதிரி 21 ஆண்டு.

25 ஆண்டுப் பழைய கார் எந்த ஷோரூமின் வியாபாரத்தையும் கெடுக்காது. இந்த எண்ணை வேறு எந்தக் கோணத்தில் பார்த்தாலும் எனக்கு அர்த்தம் புரியவில்லை, இந்தக் கோணத்தில் மட்டும்தான் புரிகிறது. பக்கத்து நாடான கனடாவில் இதே விலக்கு 15 ஆண்டுதான். கனடாவின் மரமும் மின்கம்பமும் மோதினால் வலிக்காத ரகமா என்ன?

இதில் பெரிய வேடிக்கை வேறொன்று. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து பெரிய நாடுகள் கூடி டாலர் மதிப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டன. 1987 கடைசியில் ஒரு டாலருக்குச் சுமார் 1.6 மார்க்தான். நம்முடைய 60,000 மார்க் கார் இப்போது 37,500 டாலர். கப்பல் கூலி, பட்டறைச் செலவு எல்லாம் சேர்த்தால் ஷோரூமிலேயே வாங்கிவிடலாம். மெர்சிடிஸும் 1984 மாடலிலிருந்து 5 லிட்டர் எஞ்சினை அமெரிக்காவுக்கே அனுப்ப ஆரம்பித்திருந்தது. அதாவது, சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே கிரே மார்க்கெட்டின் உயிர்மூச்சு அடங்கிவிட்டது. நோய் போன பிறகு மருந்து வந்தது. மருந்து மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

மாட்டிக்கொண்டவர்கள்

பூட்டு போட்டது பணக்காரர்களின் மெர்சிடிஸுக்காக. மாட்டிக்கொண்டது வேறு ஆட்கள்.

பில் கேட்ஸ் வாங்கிய போர்ஷே 959 பல ஆண்டுகள் சுங்கத்துறைக் கிடங்கிலேயே கிடந்தது. பணக்காரர்களுக்கு வழி பிறக்காமலா போகும்? 1990-களின் கடைசியில் 'காட்சிக்கு வைக்க' என்று தனியாக ஒரு விலக்கு வந்தது. வரலாற்று முக்கியத்துவம் உள்ள, மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்த அபூர்வ வண்டி என்றால் ஆண்டுக்கு 2,500 மைல் வரை ஓட்டிக்கொள்ளலாம்.

ஆனால் ஸ்கைலைன் ஆசைப்பட்டது இளைஞர்கள். 1997-ல் கிரான் டூரிஸ்மோ விளையாட்டு வந்தது, 2003-ல் '2 ஃபாஸ்ட் 2 ஃப்யூரியஸ்' படத்தில் ஸ்கைலைன் ஓடியது. கலிபோர்னியாவில் மோட்டோரெக்ஸ் என்ற நிறுவனம் ஆர்33 மாடலை மோதல் சோதனைக்கு உட்படுத்தி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் 1990 முதல் 1999 வரையிலான ஸ்கைலைன்களுக்கு அனுமதி வாங்கியது. சில ஆண்டுகள் கழித்து, ஒரு மாடலின் சோதனையை எல்லா மாடலுக்கும் எப்படிப் பொருத்தினார்கள் என்று அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். 1996 ஜனவரி முதல் 1998 ஜூன் வரை செய்த ஆர்33-க்கு மட்டும்தான் அது செல்லும் என்று அனுமதி சுருங்கியது. நிறுவனமும் மூடிப்போனது. நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

2014 ஜூலையில் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வண்டிகள் 40-ஐ அரசு ஒரே வீச்சில் பறிமுதல் செய்தது. பழைய வண்டியின் எண்ணைப் புதிய வண்டிக்கு மாட்டி 25 வயது என்று காட்டிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. டிஃபெண்டரில் எல்லாமே போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற சமாச்சாரம். எஞ்சின் ஒரு ஆண்டு, கதவு ஒரு ஆண்டு என்று கலந்து நிற்கிற வண்டிக்கு எது பிறந்த தேதி? வழக்குக்குப் போனவர்களில் பலருக்கு 2015-ல் வண்டி திரும்பக் கிடைத்தது.

25 முடிந்தது, பிரச்சினை முடிந்ததா?

முடியவில்லை. மத்திய அரசின் கதவு திறந்ததும் மாநில அரசின் கவுன்டர் வருகிறது.

சுங்கத்துறைக்கு ஒரு படிவம், போக்குவரத்துத் துறைக்கு ஒன்று, சுற்றுச்சூழல் முகமைக்கு ஒன்று. எந்த மாதம் செய்த வண்டி என்பதற்கு ஆதாரம். ஜப்பானில் பதிவை ரத்து செய்த சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. இதெல்லாம் கையில் இருந்தாலும் மாநில அலுவலகத்தில் (நம்ம ஊர் ஆர்.டி.ஓ. மாதிரி) கம்ப்யூட்டர் வண்டி எண்ணை ஏற்றுக்கொள்ளாது. 1981 முதல் அமெரிக்காவில் 17 இலக்க எண்தான் வழக்கம். ஜப்பான் உள்ளூர் வண்டிகளுக்கு அப்படிக் கிடையாது, அதைவிடச் சின்ன சேஸிஸ் நம்பர்தான். கவுன்டரில் இருப்பவர் 'எண் தப்பு' என்பார். தப்பே இல்லை என்று நிரூபிக்க வண்டிக்காரர் மறுபடி மறுபடி நடக்க வேண்டும்.

கலிபோர்னியா என்றால் இன்னும் மோசம். அந்த மாநிலத்திற்குத் தனிப் புகை விதி. 1975-க்குப் பிந்தைய பெட்ரோல் கார் என்றால், 25 வயதானாலும் அங்கீகரித்த லேபில் சோதனை செய்து தேறினால்தான் நம்பர் பிளேட். மற்ற பல மாநிலங்களில் ஓடும் அதே வண்டி அங்கே வெறும் ஷோ பீஸ்.

ஜப்பானின் 660 சிசி குட்டி லாரிகளின் கதையும் உண்டு. விவசாயிகளும் சின்ன வியாபாரிகளும் விரும்பி வாங்குகிறார்கள். லாரி என்பதால் 1964-லிருந்து இருக்கும் 25 சதவீத 'கோழி வரி'யையும் கட்டி (ஐரோப்பாவோடு கோழி இறைச்சிக்காக வந்த சண்டையில் போட்ட வரி!), சட்டப்படி இறக்கி, பதிவும் செய்துகொண்டார்கள். 2021-ல் மோட்டார் வாகன அதிகாரிகளின் கூட்டமைப்பு, இவற்றைச் சாலைக்கு அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. சில மாநிலங்கள் ஏற்கெனவே கொடுத்த பதிவைக் கூட ரத்து செய்தன. டெக்சாஸும் மாசசூசெட்ஸும் உரிமையாளர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு 2024-ல் இறங்கி வந்தன.

பதிவு கிடைத்த பிறகு ரிப்பேர். ஜப்பானில் இடதுபக்கம் ஓட்டுவதால் ஹெட்லைட் ஒளி இடப்பக்கம் தூக்கி அடிக்கும். அமெரிக்காவில் எதிரே வருபவர் இருப்பது அந்தப் பக்கம்தான், கண் கூசும். எனவே விளக்கை மாற்ற வேண்டும். ஜப்பான் எஃப்.எம். அந்தக் காலத்தில் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் 88-லிருந்து 108. ரேடியோவைப் போட்டால் ஒன்றிரண்டு ஸ்டேஷன்தான் கேட்கும். சுங்கச்சாவடியில் காசு வாங்குபவர் இடப்பக்கம், டிரைவர் வலப்பக்கம். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஸ்பேர் பார்ட்ஸ்தான் உண்மையான தலைவலி. 25 ஆண்டு ஆன வண்டிக்கு ரப்பர், வயர், தகரம் எல்லாம் உளுத்துப்போகும் காலம். அமெரிக்காவில் விற்காத மாடல் என்பதால் உள்ளூர்க் கடையில் கிடைக்காது. ஆர்32-க்கு நிஸ்ஸானே 2017 டிசம்பரில் சில பழைய பாகங்களை மறுபடி செய்து விற்க ஆரம்பித்தது. எல்லாக் காருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வண்டி பத்து வயதில் நல்ல பிரேக்கோடு, துரு இல்லாமல் இருக்கும்போது உள்ளே விடமாட்டோம். துருப்பிடித்து, சீட் பெல்ட் நைந்து, பார்ட்ஸ் கிடைக்காத வயதில், ஒரு சோதனையும் இல்லாமல் விடுவோம். பாதுகாப்புதான் நோக்கம் என்றால் இது தலைகீழ். பத்து வயது வண்டியைச் சோதனை செய்து விடுவதும், 25 வயது வண்டிக்கும் குறைந்தபட்சம் பிரேக், டயர், தகரம் பார்ப்பதும்தானே நியாயம்? வயதைக் கேட்பதற்குப் பதிலாக வண்டியைக் குனிந்து பார்த்தால் போதும்.

ஆனால் ஒரு எண் சட்டத்தில் ஏறிவிட்டால் இறங்குவதில்லை. 2025-ல் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்குப் புதிதாக 25 சதவீத வரி போட்டபோது, அதிலும் 25 ஆண்டு ஆன வண்டிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். 1988-ல் மெர்சிடிஸ் சண்டையில் பிறந்த எண் இன்று வரிச் சட்டத்திலும் குடியேறிவிட்டது.

ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் 1999 ஜனவரியில் வந்தது, அதன் முதல் வண்டிகளுக்கு 2024-ல் வழி திறந்தது. கடைசி வண்டிகளைச் செய்தது 2002 ஆகஸ்டில். அவற்றுக்கு 2027 ஆகஸ்ட் வரை ஆபத்தான வண்டி என்று பெயர். செப்டம்பரிலிருந்து பரவாயில்லை!